வெட்டி ஒட்டிய மாண்டிபோராப் பவளத் துண்டுகள் ஐந்தே நாளில் வெளுத்துவிட்டன, பிழை எங்கே?

உச்சிப்புளியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஜூரோங் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இரண்டாண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கற்களும் மணலும் போக நிகரமாக 200 லிட்டர் நீர் நிற்கும். கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மரும் நீரைக் குளிர்விக்கும் சில்லரும் இரவும் பகலும் ஓடுகின்றன. வெப்பநிலை 26 டிகிரி, உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06. ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் காரத்தன்மையைச் சோதித்து, குறைந்திருந்தால் பொடி கரைத்து ஊற்றி 8.6 டிகிரிக்கு (dKH என்ற காரத்தன்மை அளவு) கொண்டுவருகிறேன். கடந்த புதனன்று அது 6.9 ஆக இருந்தது. கால்சியம் 420 இலிருந்து 410 க்குத்தான் இறங்கியிருந்தது என்பதால் பவளங்கள் அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை என்று கருதி, கால்சியத்தில் கை வைக்கவில்லை.

தட்டு வடிவில் வளரும் சிவப்பு மாண்டிபோரா ஒன்று கண்ணாடியைத் தொடும் அளவுக்குப் பெருத்துவிட்டதால், அதன் விளிம்பைக் குறடால் ஒடித்து மூன்று துண்டுகளாக்கி, பிளக்குகளில் (துண்டை ஒட்டும் சிறு அடித்தளங்கள்) சூப்பர் குளூ ஜெல் கொண்டு ஒட்டி, நல்ல வெளிச்சம் கிடைக்கட்டும் என்று தொட்டியின் மேல்மட்டத்தில் விளக்குக்கு நேர் கீழே வைத்தேன். ஒடிந்த ஓரத்திலிருந்து தொடங்கிய வெண்மை ஐந்து நாளில் இரண்டு துண்டுகளை முழுவதுமாகப் பிடித்துவிட்டது. மூன்றாவதில் பாதி மிச்சம் இருக்கிறது. தாய்ப்பவளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடவே குடை போன்ற சார்கோபைட்டன் தோல்பவளத்திலும் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். அது மூன்று முறை ஒட்டியும் மூன்று முறையும் மறுநாள் காலையில் மணலில் கிடந்தது.

அடுத்த வாரம், பவளத்துக்கு உறவான மெல்லுடல் உயிரி ஸோவாந்திட் படர்ந்த கல் ஒன்றையும் உளியால் பிளக்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் என் பிழை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாண்டுகள் கண்போல வளர்த்த உயிர் என் கையாலேயே வெளுத்துப்போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

---

நெய்தல் எழுதியது:

வணக்கம் தம்பி. நீங்கள் கொடுத்த அளவுகளை இரண்டு முறை படித்தேன். வெட்டியதிலும் ஒட்டியதிலும் சில குறைகள் உள்ளன. அவற்றைப் பிறகு சொல்கிறேன். முதன்மையான காரணம், நீங்கள் கவலைப்படாமல் கடந்துபோன அந்தக் காரத்தன்மை எண்களில் இருக்கிறது.

மூன்று நாளில் 8.6 இலிருந்து 6.9 க்கு இறங்கியது என்றால் 1.7 டிகிரி செலவாகியிருக்கிறது. பவளம் தன் கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அப்படிக் கட்டும்போது காரத்தன்மையில் 2.8 டிகிரி குறைந்தால் கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் குறையும். அந்தக் கணக்கில் 1.7 டிகிரிக்கு 12 மில்லிகிராம் வருகிறது. நீங்கள் கண்ட பத்து மில்லிகிராம் இறக்கம் அதுவேதான். கால்சியம் பெரிய எண் என்பதால் அதில் ஏற்படும் செலவு கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும். ஆகவே உங்கள் பவளங்கள் நன்றாகவே எடுத்துக்கொள்கின்றன. நீங்கள்தான் அவற்றை மூன்று நாள் காயப்போட்டு, பிறகு ஒரே மூச்சில் 1.7 டிகிரி ஏற்றிவிடுகிறீர்கள். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றுவது நல்லதல்ல. கையகலம் வளர்ந்த தாய்ப்பவளம் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் முழுவதும் புண்ணாக இருக்கும் இரண்டு விரற்கடைத் துண்டு தாங்காது.

செலவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.57 டிகிரி. 100 லிட்டர் நீரில் ஒரு டிகிரி ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். ஆப்பச் சோடா என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதுதான். உங்கள் 200 லிட்டருக்கு நாள்தோறும் சுமார் மூன்றரை கிராம் போதும். அதை ஆர்ஓ நீரில் முழுவதும் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். கால்சியத்துக்கு ஈடுசெய்யக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் நாளுக்கு 3 கிராம் அளவில் தனியாகக் கரைத்து, வேறொரு நேரத்தில் ஊற்ற வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றினால் நீர் பால்போல் கலங்கிச் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். இரண்டு வாரம் தொடர்ந்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் சோதித்து, எண் 8 க்கும் 8.6 க்கும் இடையில் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகே மறுபடி வெட்டுங்கள்.

துண்டிலிருந்து பவளம் வளர்வதை நாம் முருங்கைப் போத்து நடுவதோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை ஓரளவு சரிதான். ஆனால் போத்து வேர்விட வேண்டும்; பவளத்துண்டில் ஒவ்வொரு பாலிப்பும் ஏற்கெனவே முழுமையான ஓர் உயிர், அக்கம்பக்கத்துப் பாலிப்புகளோடு மெல்லிய சதைப்படலத்தால் இணைந்திருக்கிறது. ஒடிக்கும்போது அந்தப் படலம்தான் கிழிகிறது. துண்டு முதலில் கிழிசலை மூட வேண்டும், பிறகு படலத்தைப் பசையின் மேலும் பிளக்கின் மேலும் படரவிட வேண்டும். அதன்பிறகுதான் புதுப் பாலிப்புகள் தோன்றும். இந்த வேலைக்கான சக்தியில் பெரும்பங்கை அதன் சதைக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியிலிருந்து உண்டாக்கித் தருகின்றன. அதற்காகக் கூடுதல் வெளிச்சத்தில் வைத்தால் விரைவில் ஆறும் என்று எண்ணக்கூடாது. தாய்ப்பவளம் தொட்டியின் நடுமட்டத்தில் பழகியது என்றால் துண்டும் அதே மட்டத்தில், அல்லது இன்னும் சற்றுக் கீழே, இரண்டு வாரம் இருக்கட்டும். நீரோட்டம் அதன்மேல் நேராக அடிக்கக்கூடாது. ஆனால் சளி தேங்காதபடி மெல்லிய அசைவு வேண்டும்.

குறடால் ஒடித்ததில் விளிம்பு நசுங்கியிருக்கும். தட்டு மாண்டிபோராவின் அடிப்பக்கத்தில் கூர்மையான கத்தியால் ஒரு கீறல் இழுத்து, அந்தக் கோட்டோடு விரலால் அழுத்தினால் அப்பளம் முறிவதுபோல் நேராக முறியும். கிளைப் பவளங்களுக்கு எலும்பு வெட்டும் கத்தரி நல்லது. வெட்டிய துண்டுகளைத் தொட்டிநீர் நிரப்பிய கிண்ணத்தில் இரண்டு மூன்று முறை அலசி, பவளங்களுக்கென்று விற்கும் அயோடின் கரைசலில் குப்பியில் சொன்ன நேரம் வரை வைத்து எடுங்கள். அந்தக் கிண்ண நீரை மீண்டும் தொட்டியில் சேர்க்கக்கூடாது.

ஒட்டுவதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான துண்டுகள் இங்கேதான் வீணாகின்றன. பிளக்கை இரண்டு வாரம் முன்பே தொட்டிக்குள் போட்டு ஊறவைத்திருக்க வேண்டும். புதுப் பிளக்கில் அழுக்குப்பாசி வேகமாக ஏறி, ஆறாத விளிம்பை மூடிவிடும். துண்டின் அடிப்பகுதியில் சதையில்லாத வெள்ளைக் கல்லை மட்டும் காகிதத்தால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். பிளக்கில் ஒரு பட்டாணி அளவு ஜெல் வைத்துத் துண்டை அதில் அழுத்தி, அரைத் திருகு திருகி, உடனே நீருக்குள் அமிழ்த்திப் பத்து எண்ணும் வரை அசையாமல் பிடியுங்கள். நீர் பட்டவுடன் பசையின் மேல் வெள்ளைத் தோல் படியும். உள்ளே அது இன்னும் இளகலாகத்தான் இருக்கும், ஆகவே அரை மணி நேரம் யாரும் தொடாத இடத்தில் வையுங்கள். நீருக்கு உள்ளேயே ஒட்ட நேர்ந்தால், அந்தத் தோலை உடைக்கும்படி பாறையின் மேல் தேய்த்துத் திருகி அழுத்த வேண்டும். மேலோட்டமாக வைத்தால் தோலும் தோலும் ஒட்டாமல் நழுவிவிடும். பசை உயிருள்ள சதையின் மேல் வழிந்தால் அடியில் உள்ள சதை அழுகும். அந்த அழுகல்தான் பிறகு மேலே ஏறும். உங்கள் துண்டுகளில் வெண்மை ஓரத்திலிருந்து தொடங்கியது என்றீர்கள். நசுங்கிய விளிம்பும் வழிந்த பசையும் அதற்கு உதவியிருக்கும்.

மிஞ்சியிருக்கும் மூன்றாவது துண்டில், வெண்மை முடியும் கோட்டிலிருந்து நல்ல சதைக்குள் கால் அங்குலம் உள்ளே தள்ளி வெட்டிவிட்டு, மறுபடி ஒட்டுங்கள். கோட்டின் மேலேயே வெட்டினால் சிதைவு தொடரும்.

தோல்பவளம் வேறு வகை. அதற்குக் கல் எலும்பு கிடையாது; வெட்டியவுடன் சளியை உமிழும், சளியின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. குடையின் விளிம்பில் ஒரு துண்டைக் கூரிய பிளேடால் வெட்டி, நடுவில் ஒரு பல்குத்தியைச் செருகி, அந்தப் பல்குத்தியின் இரு முனைகளையும் ஒரு சிறு கல்லோடு ரப்பர் வளையத்தால் தளர்வாகக் கட்டி, நீரோட்டம் மெதுவாக உள்ள மூலையில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அது தானே கல்லைப் பற்றிக்கொள்ளும். பிறகு பல்குத்தியை உருவிவிடலாம். இறுக்கிக் கட்டினால் ரப்பர் சதையை அறுத்துவிடும். தோல்பவளம் காயப்பட்டால் மற்றப் பவளங்களுக்கு ஆகாத வேதிப்பொருள்களை நீரில் கலக்கும் என்பதால், வெட்டும் வேலையைத் தொட்டிக்கு வெளியே செய்யுங்கள். அந்த வாரம் புதுக் கரித்தூள் பையை வடிகட்டியில் போட்டு, ஒரு முறை நீரும் மாற்றுங்கள்.

---

வாணி (டொராண்டோ) எழுதியது:

உச்சிப்புளி அண்ணா, நெய்தல் ஐயா சொன்னவை எல்லாம் உங்கள் பவளங்களின் நலனுக்கானவை. நான் எழுதுவது உங்கள் வீட்டாரின் உயிர் பற்றியது. ஸோவாந்திட் கல்லை உளியால் பிளக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வேலையை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

ஸோவாந்திட்டிலும் அதன் நெருங்கிய உறவான பாலிதோவாவிலும் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். ஹவாயின் மௌயித் தீவில் ஹானா என்ற ஊருக்கு அருகே கிடைத்த பாலிதோவாவிலிருந்து 1971 இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தன் அளவில் வைத்துக்கொள்ள ஒரு பம்பை நடத்துகிறது. இந்த நஞ்சு அந்தப் பம்பில் போய் அமர்ந்து, அதை மூட முடியாத ஓட்டையாக மாற்றிவிடுகிறது. இதற்கென்று தனி முறிமருந்து இல்லை. எந்தப் பாலிப்புக் கூட்டத்தில் நஞ்சு அதிகம், எதில் இல்லை என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பழுப்பு நிறப் பாலிதோவா பரவிக் கெட்டுப்போன ஒரு கல்லைச் சுத்தமாக்க எண்ணி, குசினித் தொட்டியில் வைத்து அதன்மேல் கொதிநீர் ஊற்றினேன். எழும்பிய ஆவியில் ஒரு விதமான மண் நெடி இருந்தது, அவ்வளவுதான் நினைவு. ஒரு மணித்தியாலம் கழித்து வாயில் செப்புக்காசைச் சப்பியது போன்ற சுவை, பிறகு நிற்காத இருமல், குளிர் நடுக்கம். அடுத்த அறையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகனுக்கும் இருமல் பிடித்தது. இருவரும் அன்றிரவு வைத்தியசாலையில் இருந்தோம். கடவுள் புண்ணியத்தில் இரண்டு நாளில் தேறினோம். அந்தக் கல்லைத் தூக்கியெறிந்தபோதும் என் கை நடுங்கியது.

ஆகவே ஸோவாந்திட் கல்லைக் கொதிநீரிலோ மைக்ரோவேவிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். வெயிலில் காயவைத்து உலர்ந்த பிறகு சுரண்டுவதும் கூடாது, தூசி மூச்சில் ஏறும். உளி அடித்தால் சாறு முகத்தில் தெறிக்கும். கண் முழுவதையும் மூடும் கண்ணாடி, நைட்ரில் கையுறை, முகமூடி மூன்றையும் அணிந்து, கல்லை நீருக்குள் அமிழ்த்தி வைத்துக்கொண்டு, பாலிப்புகளை வெட்டாமல் அவற்றுக்கு இடையில் உள்ள படலத்தை மட்டும் பிளேடால் அறுத்துக் கல்லோடு பெயர்த்தெடுங்கள். கையில் ஆறாத கீறல் இருந்தால் அன்று வேண்டாம். பிள்ளைகளையும் பூனை நாய்களையும் அறைக்கு வெளியே விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் பிளேடையும் கிண்ணத்தையும் வெளுப்பான் கரைத்த நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். வாய்க்கசப்பு, மூச்சுத்திணறல், கண்ணெரிச்சல் எது வந்தாலும் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போய், பாலிடாக்சின் என்ற சொல்லை நீங்களே வைத்தியரிடம் சொல்லுங்கள். எல்லா வைத்தியருக்கும் இது பழக்கப்பட்ட நஞ்சு இல்லை.

---

உச்சிப்புளியான் எழுதியது:

வாணி அம்மா, படித்தவுடன் உளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். என் மனைவியும் படித்தார். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

நெய்தல் ஐயா, சோடாக் கணக்கை இன்றிலிருந்தே தொடங்குகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. கிளையாக வளரும் டார்ச் பவளத்தையும் இதேபோல் வெட்டலாமா? அடுத்தது, தை மாதம் ஊருக்குப் போகிறேன். எங்கள் பக்கத்துக் கரையில் உயிரற்ற பவளக் கற்கள் ஒதுங்கிக் கிடக்கும். சிறு வயதில் அவற்றை வைத்து விளையாடியிருக்கிறோம். பிளக்குக்குப் பதிலாக அடித்தளமாகப் பயன்படுத்த அவற்றில் ஒரு பை எடுத்துவரலாமா?

---

முத்துநகர்வாசி எழுதியது:

ஐயா, இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். எடுக்காதீர்கள். ஒரு கல்கூட வேண்டாம்.

பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தையும், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி முதலியவற்றையும் இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 இல் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. உயிரோடு இருந்தாலும் செத்துக் கரை ஒதுங்கியிருந்தாலும் எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். விமான நிலையத்தில் பையைத் திறந்தால் சிறு வயது நினைவு என்று சொல்லித் தப்ப முடியாது. கல்பவளங்கள் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இருப்பதால், நாடுகளுக்கிடையே கொண்டுபோவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியாவில் இருந்து இதைப் படிக்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: மாண்டிபோரா, அக்ரோபோரா, டார்ச் மூன்றும் கல்பவளங்களே. இந்த இழையில் சொல்லப்படும் முறைகளைப் பார்த்து அவற்றை இங்கே வீட்டில் வளர்க்க முற்பட வேண்டாம்.

சட்டம் மட்டுமே என் காரணம் இல்லை. எங்கள் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல்லாண்டுகள் பவளக்கல்லை வெட்டியெடுத்தார்கள். அலையைத் தடுத்த பாறை போனதும் தீவுகளின் மண் கரைந்தது. 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. நீங்கள் உயிரற்ற கல் என்று நினைக்கும் துண்டில்தான் கடலில் அடுத்த பவளக் குஞ்சு வந்து ஒட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் வீட்டில் செய்யும் இதே வேலையை 2002 முதல் தூத்துக்குடி ஆய்வாளர்கள் உரிய அனுமதியோடு கடலுக்குள் செய்துவருகிறார்கள். நல்ல நிலையில் உள்ள கிளைப்பவளத்திலிருந்து துண்டுகள் எடுத்து, சிமெண்டுப் பலகைகளில் கட்டி, கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். அவர்களுக்குச் சில்லர் கிடையாது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது பவளம் தன் சதையிலுள்ள பாசியை இழந்து வெளுத்துப்போகும். 2010 இலும் 2016 இலும் அப்படிப் பெரிய அழிவு ஏற்பட்டது. உங்கள் தொட்டியில் ஐந்து நாளில் வெளுத்த துண்டுகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் கோடைகள்தாம் நினைவுக்கு வந்தன.

---

நெய்தல் எழுதியது:

முத்துநகர்வாசி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சுட்ட மண் பிளக்குகள் கடையில் மலிவாகவே கிடைக்கின்றன.

டார்ச் பற்றி: உங்களுடையது தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு தலைக்கும் தனிக் காம்பு இருந்தால் வெட்டலாம். சதை காம்பின் மேற்பகுதியை உறைபோல் மூடிக் கீழிறங்கியிருக்கும். அது எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கும் கீழே உள்ள வெறும் கல்லில் வெட்டினால் பவளத்துக்கு வெட்டுப்பட்டதே தெரியாது. வெட்டும் முன் தொட்டியில் மெதுவாகத் தட்டி, உணர்கொம்புகளை உள்ளிழுக்கச் செய்யுங்கள். வெட்டிய பின் இரண்டு வாரம் உற்றுப் பாருங்கள். தலையின் மேல் பழுப்புக் கூழ் போன்ற ஒன்று தோன்றினால் அன்றே அந்தத் தலையை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துத் தலைகளுக்குத் தாவும்.

வெளியாளிடம் துண்டு வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். மாண்டிபோராவைத் தின்னும் சிறு கடல்நத்தைகளை மருந்துக் கரைசல் கொல்லும்; அவற்றின் முட்டைகளைக் கொல்லாது. பழைய பிளக்கை வெட்டியெறிந்து, புதுப் பிளக்கில் ஒட்டி, வாரம் ஒரு முறை கரைசலில் முக்கி, ஒன்றரை மாதம் தனித்தொட்டியில் வைத்த பிறகே பெரிய தொட்டிக்குக் கொண்டுவாருங்கள்.

---

உச்சிப்புளியான் எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் இரண்டு வாரம் எதையும் வெட்டாமல், நாள்தோறும் இரவு எட்டு மணிக்குக் காரத்தன்மையைச் சோதித்துச் சுவரில் ஒட்டிய தாளில் குறித்துவந்தேன். எண் 8.2 க்கும் 8.4 க்கும் இடையில் நிற்கத் தொடங்கியதும், தாய்ப்பவளத்தின் விளிம்பில் ஒரு மெல்லிய வெளிர் வளையம், அதாவது புது வளர்ச்சி, தெரிந்தது. இரண்டாண்டுகளில் அந்த வளையத்தை இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

மூன்றாவது துண்டை நீங்கள் சொன்னபடி உள்ளே தள்ளி வெட்டி ஒட்டினேன். அது பிழைக்கவில்லை, நான்கு நாளில் போய்விட்டது. பிறகு தாய்ப்பவளத்திலிருந்து கத்தியால் கீறிப் புதிதாக நான்கு துண்டுகள் எடுத்தேன். நான்கும் உயிரோடு இருக்கின்றன. நேற்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, இரண்டு துண்டுகளில் சதை கல்லைவிட்டு இறங்கிப் பசையின் வெள்ளைத் தோலைத் தாண்டி, பிளக்கின் மேல் நூலிழை அகலத்துக்கு ஒரு சிவந்த ஓரமாகப் படர்ந்திருந்தது. தோல்பவளத் துண்டு கல்லைப் பற்றிக்கொண்டது; பல்குத்தியை உருவியபோது விட்ட துளைகூட இப்போது மூடிவிட்டது.

ஸோவாந்திட் கல்லைப் பிளக்கவில்லை. அதன் பக்கத்தில் இரண்டு பிளக்குகளை ஒட்டினாற்போல் வைத்திருக்கிறேன்; படலம் தானாகவே ஒன்றின் மேல் ஏறத் தொடங்கியிருக்கிறது. ஊரிலிருந்து கல் எதுவும் எடுத்துவரவில்லை.